கடைசிப் பத்தி

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நேரில் எல்லோரும் சார் என்பார்கள், அவர் தேநீர் குடிக்க எழுந்து போனதும், "கத்தரி இன்னிக்கு எப்படி இருக்கு? வெட்டற மூடா, கிழிக்கற மூடா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். அது அவர் காதுக்கு வராமல் இல்லை. வந்தது, பிடித்தும் இருந்தது. ஒரு நாளிதழில் முப்பது வருடம் குப்பை கொட்டியதற்கு ஒரு பட்டப்பெயராவது மிஞ்சியதே என்று நினைத்துக்கொள்வார்.

பதினோராம் பக்கம், அதாவது விளையாட்டுப் பக்கம், அவர் பொறுப்பு. நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தி, தலைப்பு வைத்து, இருக்கிற இடத்துக்குள் அடக்குவது வேலை. எழுதியவன் பெயர் செய்திக்கு மேலே வரும். படம் எடுத்தவன் பெயர் படத்துக்குக் கீழே வரும். அடக்கியவன் பெயர் எங்கேயும் வராது. அடக்குவதற்கு ஒரு முறை உண்டு. முக்கியமானது மேலே இருக்கும், அடுத்தது அதற்குக் கீழே, உப்புச்சப்பு இல்லாதது கடைசிப் பத்தியில். இடம் போதவில்லையா, கீழேயிருந்து வெட்டு. படித்துப் பார்க்கக்கூட வேண்டாம், கை தானாகப் போகும். தடகளப் போட்டி என்றால் ஆண்கள் ஓட்டம் மேலே, ஆண்கள் தாண்டுவதும் எறிவதும் நடுவில், பெண்கள் மொத்தமும் கீழே. அப்படி எழுதச் சொல்லி எந்தப் புண்ணியவானும் உத்தரவு போடவில்லை. அப்படியே வந்தது, அப்படியே வெட்டுப்பட்டுப் போனது.

அலுவலகம் மதியம் இரண்டு மணிக்குத்தான். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அவருக்கு இன்னொரு உத்தியோகம் இருந்தது, சம்பளம் இல்லாதது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம். அதில் அவர் ஒரு தூண். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் கூர்நோக்கன். புதிதாக ஓர் ஆளைப் பற்றிப் பக்கம் முளைத்தால், அந்த ஆளுக்கு அந்தத் தகுதி உண்டா என்று பார்ப்பார். தகுதிக்கு விதி இருக்கிறது. சம்பந்தமில்லாத யாராவது அந்த ஆளைப் பற்றி அச்சிலோ நம்பத் தகுந்த தளத்திலோ எழுதியிருக்க வேண்டும். சொந்தக்காரர் சொன்னது செல்லாது. அவரே சொன்னது செல்லாது. என் கண்ணால் பார்த்தேன் என்பது செல்லவே செல்லாது. சான்று இல்லையென்றால் பக்கத்தின் தலையில் 'நீக்கப் பரிந்துரை' என்று ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டிவிடுவார். ஏழு நாள் விவாதம் நடக்கும். எட்டாம் நாள் ஒரு நிர்வாகி வந்து முடித்துவைப்பார். கூர்நோக்கன் பட்டை கட்டிய பக்கம் பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது.

"நீங்க அழிச்சவங்கல்லாம் ஒரு நாள் நம்ம வீட்டு வாசல்ல வரிசையா வந்து நிக்கப்போறாங்க," என்பாள் மனைவி. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள் அவள். விடிந்ததும் நாற்பது கையில் ஊசி குத்திவிட்டு வருகிறவளுக்கு வாயும் கொஞ்சம் கூர்மைதான். "நானும்தான் குத்தறேன். ஆனா பஞ்சு வச்சு அழுத்திட்டுத்தான் அனுப்பறேன்."

"விதின்னா விதி," என்பார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விதியின் மேல் அவருக்கு இந்தப் பிடிப்பு வந்த கதை மனைவிக்கு மட்டும் தெரியும். அந்தக் கலைக்களஞ்சியத்தில் அவர் எழுதிய முதல் பக்கம் தன் அண்ணனைப் பற்றி. அண்ணன் மாநில அணிக்குக் கைப்பந்து ஆடியவர், இருபத்தாறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவர். வீட்டில் மிஞ்சியது ஒரு கோப்பையும் ஒரு பனியனும் ஒரு குழுப் படமும்தான். இரண்டு நாள் உட்கார்ந்து உருகி உருகி எழுதினார். மூன்றாம் நாள் முகம் தெரியாத யாரோ 'சான்று இல்லை' என்று இரண்டே சொல்லில் தூக்கிவிட்டார்கள். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அதன்பின் உட்கார்ந்து விதிகளை மனப்பாடம் செய்தார். தன் அண்ணனுக்குக் கிடைக்காத இடம் இனி எவனுக்கும் சும்மா கிடைக்கக் கூடாது என்பது அவர் நியாயம். பாழாய்ப்போன நியாயம்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டே பதினோராயிரம் திருத்தம் செய்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, நடைப் போட்டி வீராங்கனை ஒருத்தியின் பக்கம் முளைத்தது. வயது இருபத்தொன்று. நடைப் போட்டி என்றால் ஓடக் கூடாது. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், முன்னால் வைக்கிற கால் மடங்கக் கூடாது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், நடக்கிறவர்களுக்கு நகம் கறுத்துப்போகும். போன வருடம் மாநிலத் திறந்த போட்டியில் பத்து கிலோமீட்டரை இவள் நாற்பத்தாறு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் நடந்ததாகவும், அதுவரை இந்த மாநிலத்தில் எந்தப் பெண்ணும் நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் வந்ததில்லை என்றும் எழுதியிருந்தது. கூடவே 'எங்கள் தெருவின் செல்லம்', 'மழையிலும் பயிற்சியை விடாதவர்' என்றெல்லாம் இருந்தது. கீழே ஒரு சான்றும் இல்லை. எழுதியவர் புதிய பயனர், வேறு எதுவும் எழுதியதில்லை.

சொந்தக்காரர் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டையைக் கட்டினார். 'சான்று இல்லை. புகழுரை. நீக்கலாம்' என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் அந்தப் புதிய பயனர் ஒரு தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். தடகளச் சங்கம் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்த முடிவுத் தாள். அதில் அந்தப் பெண்ணின் பெயரும் நேரமும் இருந்தன. 'ஐயா, இது போதுமா? தயவுசெய்து விட்டுவிடுங்கள்' என்று ஒரு வேண்டுகோள் வேறு. கூர்நோக்கன் பதில் எழுதினார்: 'போட்டி நடத்திய சங்கமே கொடுத்த தாள் சொந்தச் சான்று, செல்லாது. வெளியில் அச்சாகியிருக்க வேண்டும்.' அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து 'நீக்கலாம்' என்றார்கள். எந்த விவாதத்திலும் கூர்நோக்கன் சொல்வதையே சொல்கிற ஆட்கள். பழைய நூலகர் என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் மட்டும், 'அவசரப்பட வேண்டாம், தேடிப் பார்ப்போம்' என்றார்.

புதன்கிழமை மதியம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிற பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரம் பிடித்து வருகிறவள், வெயிலில் அலைந்து முகம் எப்போதும் வாடியிருக்கும்.

"சார், உங்ககிட்ட ஒரு உதவி," என்றாள். "என் தங்கச்சி நடைப் போட்டிக்காரி. அவளைப் பத்தி இண்டர்நெட் கலைக்களஞ்சியத்துல நானே ஒரு பக்கம் எழுதினேன். எவனோ கூர்நோக்கனாம், வேலை வெட்டி இல்லாத ஜென்மம் போல, அதை அழிச்சே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

கத்தரி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

"விதிப்படிதான் கேட்டிருப்பாங்க," என்றார்.

"கேக்கட்டும் சார், வேணாங்கல. முத்திரை குத்தின தாளைக் குடுத்தா அது செல்லாதுங்கறான். ஒரு ஷூ கம்பெனி மூணு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் பயிற்சி, தங்கறது, சாப்பாடு எல்லாம் பாத்துக்கறாங்க. அந்தப் படிவத்துல, உங்களைப் பத்தி வெளியான செய்தியோட இணைப்பு போடுங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. போன் பண்ணிக் கேட்டேன். பேரைப் போட்டுத் தேடினா ஏதாவது வரணுமாம். இவ பேரைப் போட்டுத் தேடினா ஒரு பல் டாக்டர்தான் சார் வராங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் கடைசி நாள். இது கிடைக்கலன்னா அவ நிறுத்திடுவா சார். அப்பா இனிமே முடியாதுன்னுட்டாரு. நானும் என்னால ஆன மட்டும் இழுத்துட்டேன். நம்ம பேப்பர்ல ஒரு சின்னச் செய்தி வந்தாக்கூடப் போதும்."

"போன வருஷப் போட்டியை இப்ப எப்படிம்மா போடறது?"

"அப்படின்னா பழசுல தேடிக் குடுங்க சார். அன்னிக்கு நம்ம நிருபர் வந்து அவகிட்ட பேரெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாராம். எங்க வீட்டுக்கு வர்ற பதிப்புல இல்ல. வேற பதிப்புல கண்டிப்பா வந்திருக்கும்." தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்தாள். "அன்னிக்கு நான் நேர்ல போகல, வேலை. அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் ஆறல."

அந்தக் கூர்நோக்கன் நான்தான் என்று சொல்ல அவருக்கு அப்போது ஒரு நொடி கிடைத்தது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கொஞ்சம் கூச்சப்பட்டு, கொஞ்சம் சிரித்து, அதோடு போயிருக்கும். "பார்க்கறேன்," என்றார்.

பழைய நாளிதழ்களைக் கட்டி வைத்திருக்கிற அறை கட்டடத்தின் அடியில் இருந்தது. வியாழக்கிழமை அலுவலகத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து இறங்கினார். இரும்பு அலமாரி, கரப்பான் மருந்து வாடை, ஒன்று விட்டு ஒன்று எரிகிற குழல் விளக்கு. தேதியைப் பார்த்துத் தொகுதியை உருவி, மேசையில் போட்டுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தார்.

மாநிலத் திறந்த போட்டியின் செய்தி இருந்தது. ஆண்கள் நூறு மீட்டர், நானூறு, நீளம் தாண்டுதல், குண்டு எறிதலுக்கு இரண்டு பத்தி. அத்தோடு முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே அரைப்பக்கத்துக்கு ஒரு மெத்தை விளம்பரம். பழைய மெத்தையைக் கொடுத்துப் புதிய மெத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு குடும்பம் கட்டிலில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மற்ற பதிப்புகளையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே குடும்பம்.

அந்தப் பற்களைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பக்கம் முடிந்து அனுப்புகிற நேரத்தில் விளம்பரம் வந்து விழுந்தது. படங்களை எல்லாம் எடுத்த பிறகும் ஒரு பத்திக்கு இடம் போதவில்லை. பக்கம் கட்டுகிற லேஅவுட்காரர், "குண்டு எறிதலுக்கு ரெண்டு பத்தி இருக்கு சார், அதுல ஒண்ணைத் தூக்கிடலாமா?" என்று கேட்டார். "கீழேருந்து வெட்டுய்யா, எப்பவும் போல," என்றார் இவர். "கீழ பெண்கள் நடைப் போட்டி இருக்கு சார். ஏதோ சாதனைன்னு போட்டிருக்கு." அதற்கு இவர் சொன்ன பதிலும் நினைவு வந்தது. "என் பொண்டாட்டி கூடத்தான் தினம் பஸ்ஸைப் பிடிக்க வேகமா நடக்கறா. அதுக்கெல்லாம் ஒரு பத்தியா?" வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்று அவருக்கு இனித்தது.

நிருபர் அனுப்பிய மூலம் கணினியில் மூன்று மாதம்தான் இருக்கும், பிறகு தானே அழிந்துவிடும். நிருபரும் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் நடந்ததற்கு அச்சில் சான்று இல்லை என்றால், இல்லாமல் ஆக்கியது அவர் கை. தொகுதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, படியேறி வருவதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னார். அவள் காலை வேலை முடித்து வந்து கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன, போய்ச் சொல்லிடுங்களேன்," என்றாள். "பட்டையைக் கட்டினவங்களே அவுக்கலாம்ல?"

"அவுக்கலாம். காரணம் கேப்பாங்க."

"காரணத்தைச் சொல்லுங்க."

"என்னன்னு? நான்தான் வெட்டினேன்னா? முப்பது வருஷம் வேலை பாத்தவன்..."

"உங்க அண்ணன் பக்கத்தை எவனோ அழிச்சப்ப அன்னிக்கெல்லாம் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தீங்க. அவன் முகமாவது உங்களுக்குத் தெரியாது. இந்தப் பொண்ணோட அக்காவை நீங்க தினம் பாக்கறீங்க." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கணினியைத் திறந்தார். விவாதத்தில் பழைய நூலகர் எழுதியிருந்தார்: 'இந்தத் தேதியில் இந்த நாளிதழில் செய்தி வந்திருக்கலாம் என்று பக்கத்தை எழுதியவர் சொல்கிறார். தொகுதிகளைப் பார்க்க வசதியுள்ளவர் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. வந்திருந்தால் இந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளவே நான் சொல்வேன்.'

அவருக்கு வழி இல்லாமல் இல்லை. பட்டையை அவிழ்த்திருக்கலாம். இல்லையென்றால் நிருபர் ஒருவரை அனுப்பி அந்தப் பெண்ணைப் பற்றி நாலு பத்தி எழுதச் சொல்லியிருக்கலாம். ஆசிரியர் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் செய்தி, திங்கட்கிழமை அது சான்று. அந்தப் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று முடிவு செய்கிற ஆளே அவர்தான். ஆனால் எதைச் செய்தாலும் தன்னிடமாவது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தின் பக்கத்தில் போகவே அவருக்குப் பயமாக இருந்தது. பதினோராயிரம் திருத்தம் செய்து சேர்த்த பெயர் அது. அலுவலகத்தில் இல்லாத மரியாதையை அங்கேதான் சம்பாதித்திருந்தார்.

'பார்த்தேன்,' என்று எழுதினார் கூர்நோக்கன். 'அந்தத் தேதியின் எல்லாப் பதிப்புகளிலும் தேடினேன். செய்தி இல்லை.'

நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடக் கேவலமான பொய்யை அவர் ஆயுசில் சொன்னதில்லை. சிறிது நேரத்தில் பழைய நூலகர் பதில் போட்டார்: 'சிரமம் எடுத்துப் பார்த்ததற்கு நன்றி. அப்படியானால் நானும் நீக்கலாம் என்கிறேன்.' அந்த நன்றியைப் படித்துவிட்டு அவர் கணினியை அணைத்தார்.

சனிக்கிழமை மாலை அவள் வந்தாள். இந்தத் தடவை மேசைக்கு முன்னால் நிற்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றாள். லேஅவுட்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. லேஅவுட்காரர் தன் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கூர்நோக்கன் நீங்கதானாமே சார்," என்றாள். "வேலை இல்லாத நேரத்துல ஆபீஸ்லயும் அதுலதான் இருப்பாரு, நானே பாத்திருக்கேன்னு லேஅவுட்காரர் சொன்னாரு."

அவர் மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினார்.

"புதன்கிழமை உங்க முன்னாடி நின்னு உங்களையே திட்டிட்டு இருந்திருக்கேன். கேட்டுட்டுச் சும்மா இருந்தீங்க. அது போகட்டும். செய்தி வந்துச்சாம், நீங்க வெட்டினீங்களாம். அதை மறைச்சுட்டு, செய்தி இல்லன்னு எழுதறதுக்கு உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

அலுவலகத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மன்னிச்சுடும்மா என்று ஒரு சொல் போதும். தப்புதான் என்றிருந்தால்கூட அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். அத்தனை பேர் பார்க்க, கத்தரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம். அதற்குக் கண் கிடையாது.

"நான் ஏன் வெட்டினேன்?" என்றார். "பக்கம் முடிஞ்சு போயிட்டு இருந்துச்சு. ஏழு மணிக்கு ஓடி வந்து அரைப்பக்க மெத்தை விளம்பரத்தைத் திணிச்சது யாரு? அந்த மாசம் நோட்டீஸ் போர்டுல யார் போட்டோ போட்டாங்க? போய் ரசீதுப் புத்தகத்துல தேதியைப் பாரும்மா. உன் தங்கச்சி செய்தி மேல மெத்தையைப் போட்டு மூடினது நீ."

தேதியைப் பார்க்க அவளுக்கு ரசீதுப் புத்தகம் தேவைப்படவில்லை. அன்று தங்கை நடப்பதைப் பார்க்கப் போகாமல், மெத்தைக்கடைக்காரர் பின்னால் மதியத்திலிருந்து அலைந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, மூச்சு இரைக்க மாடியேறி வந்தவள் அவள்தான். அதற்காக மேலாளர் கைதட்டச் சொன்னார். நோட்டீஸ் போர்டில் போட்ட அந்தப் படத்தைத் தங்கை தன் கைபேசியில் சேமித்துவைத்திருந்தாள், எங்க அக்கா என்று.

"அப்ப..." என்றாள். கையில் இருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பத்தி குண்டு எறிதலை விட்டுவிட்டு அந்தப் பத்தியை வெட்டச் சொன்னது யார் என்பதை லேஅவுட்காரரும் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

எழுந்து அவள் பின்னால் போயிருக்கலாம். படிக்கட்டு வரைக்கும் பத்தே அடிதான். அவர் குனிந்து ஒரு டென்னிஸ் செய்திக்குத் தலைப்பு வைத்தார்.

பக்கம் நீக்கப்பட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் படிவத்தின் அந்தக் கட்டம் வெற்றாகவே போனது. ஷூ கம்பெனி வேறு மூன்று பேரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெண் நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அலமாரி அலமாரியாக நடந்து, ஆட்கள் இணையத்தில் கேட்ட பொருளை எடுத்து வண்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடை. மணிக்கட்டில் ஒரு கருவி கட்டியிருப்பார்கள். ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று அது கணக்குப் பார்க்கும். முதல் மாதமே அந்தக் கிடங்கிலேயே வேகமான ஆள் அவள்தானாம். இதையெல்லாம் அக்காதான் விளம்பரப் பிரிவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடந்து போகும்போது அவர் காதில் விழுந்தது.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு மாலை புதிதாகச் சேர்ந்த நிருபர் துள்ளிக்கொண்டு ஒரு செய்தி அனுப்பினார். மாநிலத் திறந்த போட்டி, பெண்கள் பத்து கிலோமீட்டர் நடை, நாற்பத்தேழு நிமிடம் இருபது விநாடி. நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் நடந்த முதல் பெண். ஷூ கம்பெனி தேர்ந்தெடுத்த மூன்று பேரில் ஒருத்தி. இந்தத் தடவை நடைப் போட்டி முதல் பத்தியிலேயே இருந்தது.

கத்தரி தொலைபேசியை எடுத்தார். "முதல் பெண்ணா? நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன் சார். சங்கத்துல எல்லாரும் புது ஆளுங்க, பழைய தாள் எதுவும் கைக்கு வரலைங்கறாங்க. நம்ம பழைய பேப்பர்லயும் தேடிட்டேன். கலைக்களஞ்சியத்துலகூடப் பாத்துட்டேன் சார், இதுக்கு முன்னாடி யாருமே இல்ல."

நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு. அந்த எண் அவருக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரி," என்று வைத்துவிட்டு, 'முதல் பெண்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தார்.

மறுநாள் காலை கலைக்களஞ்சியத்தில் அந்தப் புதிய பெண்ணின் பக்கம் முளைத்திருந்தது. சான்று: அவருடைய நாளிதழ், பதினோராம் பக்கம். 'அச்சில் வந்திருக்கிறதா, யாராவது பார்த்தீர்களா?' என்று பழைய நூலகர் கேட்டிருந்தார். 'பார்த்தேன்,' என்று எழுதினார் கூர்நோக்கன். 'செய்தி இருக்கிறது. வைத்துக்கொள்ளலாம்.'

அன்று மாலை போட்டியின் இரண்டாம் நாள் முடிவுகள் வந்திருந்தன. பக்கம் முடியும் தறுவாயில் விளம்பரப் பிரிவுப் பெண் வந்தாள். இரண்டு வருடமாக விளம்பர அளவைத் தவிர வேறு எதையும் அவள் அவரோடு பேசியதில்லை. ஷூ கம்பெனி தன் வீராங்கனைக்கு வாழ்த்துச் சொல்லி அரைப்பக்கம் கொடுத்திருந்தது. அவர் பக்கத்தைப் பார்த்தார். படங்களை எடுத்த பிறகும் ஒரு பத்திக்கு இடம் இல்லை, ஏதாவது ஒன்று போயாக வேண்டும்.

"கடைசிப் பத்தியில யாரு இருக்காங்கன்னு ஒரு தடவை படிச்சுட்டு வெட்டுங்க சார்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. தாளை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் படித்தார். பெண்கள் வட்டு எறிதல். மூன்றாம் இடம் வந்த ஒரு பெண்ணின் பெயர், வயது பத்தொன்பது, எறிந்த தூரம், போன வருடத்தைவிட நாலு மீட்டர் கூடுதல். மேலே 'முதல் பெண்' கொடுத்த பேட்டிக்கு மூன்று பத்தி இருந்தது, மூன்றிலும் ஷூ கம்பெனிக்கு நன்றி. அதில் ஒன்றை எடுத்தால் கீழே இருக்கிறவள் பிழைத்துக்கொள்வாள். விளம்பரம் கொடுத்தவனுடைய நன்றியை வெட்டினால் நாளைக்கு மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார். மணி ஏழு பத்து. லேஅவுட்காரர் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அவளும் நகரவில்லை.

"கீழேருந்தே வெட்டுய்யா," என்றார் கத்தரி. எப்பவும் போல என்பதை மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை.